ஓரத்தில் தப்பும் காம்புகள்

சகாயமேரி, உன் கேள்வி கிடைத்தது:
லென்ஸ் வடிவமைக்கப் படிக்க
எந்தப் புத்தகம் முதலில்?

பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது.
கோத்தகிரியில் இப்போது பகல் என்பது
மூன்று மணிக்கே முடிந்துவிடும் சமாச்சாரம்.
கொழுந்து வரத்தும் கூடுதல்.

கொலக்கம்பையில் உங்கள் இயந்திரம் எப்படியோ,
எங்களுடையது
தூளை அருவியாகக் கொட்டவிட்டுக்
கேமராவால் பார்க்கிறது.
கறுப்பைப் போகவிடும்.
சிவந்த காம்பைக் கண்டால்
காற்றால் ஊதித் தள்ளும்.
நடுவில் விழும் காம்பு தப்புவதில்லை.
ஓரத்தில் விழுவதோ
அழைக்காத கல்யாணத்தில்
முதல் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி
சாவகாசமாக மூட்டைக்குள் போய்ச் சேரும்.

லென்ஸ் மாற்ற ஒன்றே முக்கால் லட்சம் என்றார்கள்.
மேனேஜர் போஜன் சிரித்தார்.
நான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது மெலிசு.
சமன்பாடே கிடையாது என்று
அட்டையில் பெருமை வேறு.
நீ வாங்காதே.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
டிரைவர் பக்கத்து சீட்டில் வந்தவனுக்கு
வண்டி ஓட்டத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும்,
அவ்வளவுதான்.

இரண்டாவது தடிமன்.
உக்கடத்துப் பழைய கடையில் எடைக்குக் கிடைத்தது.
முன்பு வைத்திருந்தவர் யாரோ
பச்சை மையில்
ஓரமெங்கும் சண்டை பிடித்திருக்கிறார்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரே ஒரு சொல்: ‘பொய்’.
அது பொய்யில்லை என்று தெரிய
எனக்கு நாற்பது நாள்.
பாதிப் பாடம் அங்கேதான் ஏறியது.

மூன்றாவது
கதிரைக் கணக்குப் போட்டே பின்தொடரச் சொல்கிறது.
கொழுந்து எடைச் சீட்டின் பின்பக்கம்,
கால்குலேட்டர்,
ஐந்து தசமம்.
கண்ணாடிக்குள் கதிர் நேராகத்தான் போகிறது, சகாயம்.
திரும்புவதெல்லாம் வாசலில்:
புகும்போது ஒருமுறை,
புறப்படும்போது ஒருமுறை.
என் முதல் கதிர்
புகுந்தது, புறப்படவே இல்லை.
மூன்று இரவு தேடினேன்.
ஒரு கழித்தல் குறி.

இதை மட்டும் மறக்காதே:
கழித்தலை எங்கே வைப்பது என்பதில்
எழுதியவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.
ஒருவருக்கு இடப்பக்கத் தூரமெல்லாம் கழித்தல்.
இன்னொருவருக்கு மெய்ப்பிம்பம் என்றாலே கூட்டல்.
இருவரையும் ஒரே இரவில் திறக்காதே.

புத்தகத்தை டிரையர் ரூம் மேல்தட்டில் வை.
இங்கத்துப் பூஞ்சைக்கு
லென்ஸும் ஒன்று, புத்தக முதுகும் ஒன்று.

நாலாம் அத்தியாயத்தில்தான்
என் காம்புகள் இருந்தன.
புலவளைவு என்று பெயர்.
லென்ஸ் பிம்பத்தைக் கிண்ணமாக வளைத்து ஏந்துகிறது.
சென்சாரோ அடிஸ்கேல்.
நடு தொட்டால் ஓரம் தொடாது.
இன்னும் இரண்டு கண்ணாடி கூட்டலாம்;
கூட்டினால் விலை ஏறும்,
வெளிச்சம் கொஞ்சம் இறங்கும்,
வேறொரு பிழை எட்டிப் பார்க்கும்.

போன வியாழன் நைட் ஷிப்டில்
இயந்திரத்தை நிறுத்தி
தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று
போகஸ் வளையத்தை
நூலளவு திருப்பினேன்.
தெளிவாக இருந்த நடுவை
நானே கெடுத்தேன்.
அந்த நேரம் கை நடுங்கியது,
குளிரால் இல்லை.

ஒரு பிடி தூளில்
ஓரத்துக் காம்பு பதினொன்று இருந்தது
மூன்றாகிவிட்டது.
நடுவில் புதிதாக ஒன்று.

போஜன் காலையில் அள்ளிப் பார்த்தார்.
“லென்ஸ் மாத்தியாச்சா?”
இல்லை என்றேன்.
“அப்ப அது முதல்லருந்தே நல்லாத்தான் இருந்திருக்கு.”

தடிமனானதை உனக்கு அனுப்புகிறேன்,
குன்னூர் வரைக்கும் கண்டக்டர் ஆல்துரை கொண்டுவருவார்.
பச்சை மைக்குக் கீழே
பென்சிலில் பதில் எழுதியிருக்கிறேன்.
அதற்கும் கீழே இடம் இருக்கிறது.

சீசன் முடிவதற்குள் திருப்பிக் கொடு.
நடுவில் வந்த அந்த ஒன்று
இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.